ஒற்றர் இருக்கும் ஊர்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஒற்றர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி நூல்கள் போடும் பதிப்பகம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்தியவர். எந்த வரியில் ‘க்’ விட்டுப்போயிருக்கிறது, எந்த வரியில் ‘ப்’ வேண்டாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒற்றெழுத்துகளைத் துரத்திக்கொண்டே இருந்ததால் ஒட்டிக்கொண்ட பேர். ஒற்றர் என்றால் வேவு பார்க்கிறவர் என்றும் அர்த்தம் உண்டே என்று யாராவது சீண்டினால், எழுத்தை மட்டும்தான் வேவு பார்ப்பதாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பேர் வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவர் நாற்பத்தெட்டு வயதில், ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு நாட்டில் இருப்பதாகப் பதினான்கு மாதம் நடித்தார் என்றால், தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

நடந்தது இதுதான். பதிப்பக முதலாளி கட்டடத்தின் ஒரு மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு, திருத்துநர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். உள்ளூரிலேயே இருக்க வேண்டும். கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்க வேண்டும். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒற்றரின் மனைவிக்கு வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. அவர் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு ஒடிந்தவர்களையும் முழங்கால் மாற்றியவர்களையும் மறுபடி நடக்க வைக்கிற வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம், கணவரும் கூட வரலாம். ஒரே மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். போவதற்குத் தடை என்று எதுவும் இல்லை.

முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்று மனைவி முதல் நாளே சொன்னார். சொல்கிறேன் என்றார் ஒற்றர். வாரத்துக்கு ஒரு முறை போனை எடுப்பார், எண்ணைப் பார்ப்பார், வைத்துவிடுவார். வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டால் என்ன செய்வது? மனைவியைத் தனியாக அனுப்பவும் மனசில்லை, வேலையை விடவும் மனசில்லை. பெட்டி கட்டும் நாளும் வந்தது. போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு மாதம் போகட்டும் என்றார். அந்த ஒரு மாதம் தனக்குத் துணையாக ஒரு வருஷத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

வந்து இறங்கிய வீடு ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டிய சமையலறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே டயர் கடை, அதை ஒட்டி பஸ் நிறுத்தம். லிஃப்ட் மனசு வைத்தால் ஓடும். அந்த ஊர் நேரம் நம் ஊருக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அதனால் ஒற்றருக்கு மதியம் ஒன்றரை மணிக்குத்தான் அலுவலகம் திறந்தது.

ஓர் அறையில் சுவரோரம் கணினியை வைத்துக்கொண்டு, தனக்குப் பின்னால் தெரியும் சுவரில், வீட்டிலிருந்து கொண்டுவந்த நாட்காட்டியை மாட்டினார். மளிகைக் கடைக்காரர் கொடுத்தது, கடைப் பேர் கொட்டை எழுத்தில் இருக்கும். வீடியோவில் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சுவர் பழைய சுவராகவே தெரிந்தது. தினம் மறக்காமல் தாளைக் கிழிப்பார். வருஷம் பிறந்ததும் அதே கடையின் புது நாட்காட்டியை ஊரிலிருந்து தபாலில் வரவழைத்துக்கொண்டார். முந்தின நாள் தாள் தொங்கினால் மாட்டிக்கொள்வோமோ என்று பயம்.

இந்த நாடகத்தில் அவருக்குத் துணை நின்றது மச்சினன். மனைவியின் தம்பி, ஊரில் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவன், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவன். பெரும்பாலான திருத்தம் கணினியிலேயே முடிந்துவிடும். ஆனால் அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படி மட்டும் காகிதக் கட்டாக வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். மச்சினன் கட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புவான். இருநூறு பக்கத்திலும் இடது மூலையில் அவன் கட்டைவிரல் விழுந்திருக்கும். விரலுக்குக் கீழே என்ன எழுத்து இருக்கும் என்று ஊகித்துத் திருத்துவது ஒற்றரின் தொழில் தர்மத்துக்கு ஒத்துவராது. விரலை எடுத்துவிட்டு மறுபடி எடு என்பார். அவனும் அலுக்காமல் எடுப்பான். பிறகு ஒற்றர் சொல்லச் சொல்ல, சிவப்பு மையில் அவர் கையெழுத்து மாதிரியே திருத்தக் குறிகளைப் போட்டு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவான்.

மதியம் ஒரு மணிக்கு மச்சினனின் வானிலை அறிக்கை வரும். காலையில் தூறல், எட்டு மணிக்குக் கரண்டு போய் எட்டரைக்கு வந்தது, தெருமுனையில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். ஒற்றர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்வார். தலைமைத் திருத்துநர் மேடம், வேலை பேசுவதற்கு முன் இரண்டு நிமிஷம் ஊர்க்கதை பேசுகிறவர். ஐம்பத்தேழு வயது, ஊரின் மறுகோடியில் தனியாக இருப்பவர். உங்க பக்கம் மழையா சார் என்று கேட்பார். ஒற்றர் தாளைப் பார்த்து, காலையிலிருந்து மூட்டமாகத்தான் இருக்கிறது என்பார்.

மனைவி மூன்றே மாதத்தில் ஊரோடு கலந்துவிட்டார். மருத்துவமனையில் நோயாளிகளிடம் ‘தூக்குங்க, மடக்குங்க, மெதுவா’ என்று சொல்லிச் சொல்லியே பாஷை வந்துவிட்டது. எந்தக் கடையில் தக்காளி நன்றாக இருக்கும் என்று சக ஊழியர்களுக்கே சொல்லும் அளவுக்கு முன்னேறிவிட்டார். ஒற்றர் மட்டும் அப்படியே இருந்தார்.

“உங்க வாட்ச்கூட இன்னும் ஃப்ளைட் ஏறலைங்க,” என்றார் மனைவி ஒரு நாள்.

உண்மைதான். கைக்கடிகாரத்தில் ஊர் நேரத்தையே வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். யாரிடமாவது பழகினால், பழகியவர்கள் வீட்டுக்கு வந்தால், வந்த நேரத்தில் மேடம் கூப்பிட்டால் என்ன ஆவது? இப்படிக் கணக்குப் போட்டுப் போட்டே ஒருவரோடும் பேசாமல் இருந்தார். சொந்தக்காரர்கள் வேறு, பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டான் என்று பேசுவதாகக் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை, கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மனைவி காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், ஒன்றரை மணி வரை ஒற்றருக்குப் பொழுது நகராது. காய்கறி வாங்கப் போவார், வருவார். கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டி ஓர் அறிவிப்புப் பலகை. அச்சடித்த தாள் கண்ணில் பட்டால் படிக்காமல் தாண்டிப்போக அவருக்குக் கால் வராது. அந்த ஊர் எழுத்துகளைப் பதினைந்து நாளில் கற்றுக்கொண்டிருந்தார். சொல்லின் பொருள் தெரியாது, எழுத்துக் கூட்டத் தெரியும். ஒரு நாள் காலை, லிஃப்ட்டைப் பற்றியது போலிருந்த ஓர் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு நின்றார். ஒரே சொல் நான்கு இடத்தில் வருகிறது. மூன்று இடத்தில் நடு எழுத்து இரட்டித்திருக்கிறது. நான்காவது இடத்தில் ஒற்றையாக நிற்கிறது.

போய்விடத்தான் பார்த்தார். இரண்டு மாடி ஏறியும் விட்டார். கை நமநமவென்று அரித்தது. திரும்ப இறங்கி வந்து, சட்டைப்பையிலிருந்த பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கூரைக் குறி போட்டு, விட்டுப்போன எழுத்தை மேலே எழுதினார். ஓரத்தில் ஒரு சிறு கோடு. மனசு நிறைந்துபோயிற்று.

மறுநாள் புதுத் தாள் ஒட்டியிருந்தது, அவர் சொன்னபடி திருத்தி. அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டி பற்றி ஓர் அறிவிப்பு. அதில் இரண்டு இடம். அதையும் திருத்தினார். மூன்றாவது முறை பென்சிலோடு இறங்கி வந்தபோது, பலகைக்குக் கீழே நாற்காலி போட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார் கட்டடப் பராமரிப்பாளர்.

ஆள் வாட்டசாட்டமானவர். முன்னாள் பஸ் ஓட்டுநர். இடுப்பில் ஒரு கிலோ சாவி தொங்கும். நடந்தால் மாடு வருவது போல் சத்தம் வரும். மனைவி அவருக்குச் சாவிக்கொத்து என்று பேர் வைத்திருந்தார். சாவிக்கொத்து எழுந்து நின்று ஒற்றரின் பென்சிலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நீளமாக ஏதோ கேட்டார். ஒற்றருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து நீட்டினார். ‘எங்கள் மொழியின் ஆசிரியரா நீங்கள்’ என்று வந்தது. இல்லை, உங்கள் மொழி எனக்குத் தெரியாது என்று ஒற்றர் பேசிக் காட்டினார். போன் அதை எப்படிச் சொல்லிற்றோ, சாவிக்கொத்து பலகையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பொருள் தெரியாமலே பிழை கண்டுபிடிக்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அதிலிருந்து எந்த அறிவிப்பும் ஒற்றரின் கண் படாமல் பலகை ஏறவில்லை. காலை ஒன்பது மணிக்குச் சாவிக்கொத்தின் அறைக்குப் போவார். பல்பு, குழாய்ச் சாமான், பெயின்ட் டப்பா எல்லாம் அடுக்கியிருக்கும் சின்ன அறை. தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டுக்கொள்வார். இப்படி அவருக்கு வந்த பாஷை முழுக்க அறிவிப்புப் பலகையின் பாஷையாக இருந்தது. பஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டால், ‘ஏற்பட்ட சிரமத்துக்கு நிர்வாகம் வருந்துகிறது’ என்பார். பால் தீர்ந்துவிட்டதா என்று கடையில் கேட்க வேண்டுமானால், ‘மறு அறிவிப்பு வரை பால் நிறுத்தப்பட்டுள்ளதா’ என்பார். கடைக்காரப் பெண் பக்கத்தில் இருப்பவர்களையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒற்றருக்கும் அதில் வருத்தமில்லை. சாவிக்கொத்தை விட்டால், வந்த நாளிலிருந்து அந்த ஊரில் அவரால் ஒருவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

பழகினால் என்ன ஆகும் என்று அவர் பயந்தாரோ, அது அடுத்த மாதமே நடந்தது. ஒரு நாள் மாலை, முதலாளியும் மேடமும் வீடியோவில் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் நூல் பற்றிப் பேச்சு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று காலையில் ஒற்றரே சொல்லியிருந்தார். நாளை வரச் சொல்வதாக நினைத்து அவர் சொன்ன சொல்லுக்கு ‘மாலை’ என்று அர்த்தம் போலிருக்கிறது. கதவு தட்டும் சத்தம், திறந்த மனைவியின் குரல், அடுத்த நிமிஷம் சாவிக்கொத்து கையில் ஸ்பானரோடு நாட்காட்டிக்கு முன்னால், தலை திரைக்கு மேலே மறையும்படி வந்து நின்று, வெண்கலக் குரலில் நலம் விசாரித்தார்.

முதலாளி பேச்சை நிறுத்தினார். யாரது என்று கேட்டார் மேடம். பிளம்பர் என்றார் ஒற்றர். என்ன பாஷை பேசுகிறார் என்று கேட்டார் மேடம். வடக்கேயிருந்து வந்தவர் என்று ஒற்றரின் வாய் தானாகச் சொல்லிற்று. முதலாளி தலையாட்டிவிட்டு அறிவியலுக்குத் திரும்பினார். கூட்டம் முடியும்போது மேடம் சொன்னார்: “அவர் நம்பர் கொஞ்சம் குடுங்க சார். எங்க வீட்டு பாத்ரூம் குழாய் ஒரு மாசமா சொட்டுது. யாரும் வர மாட்டேங்கிறாங்க.”

அன்று மச்சினன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓட்டுநர் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிளம்பரைப் பிடித்து, காரணம் சொல்லாமல், தானே காரில் ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய் மேடம் வீட்டுக் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தான். மறுநாள் மேடம் நன்றி சொன்னார். ரொம்ப நல்லவர், நம்ம பாஷையும் அழகாகப் பேசுகிறாரே என்றார். பழகிவிட்டார் மேடம் என்றார் ஒற்றர். கூட்டம் முடிந்ததும் சுவரைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மழை பெய்ததாகச் சொன்னபோதெல்லாம் பொய் என்று தோன்றியதில்லை. ஊரில் நிஜமாகவே பெய்த மழைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது முகம் தெரியாத ஒரு பிளம்பரைத் தன் பொய்க்குள் இழுத்துவிட்டோம் என்பது முள்ளாகக் குத்தியது. மச்சினனோ, “பேருக்கேத்த மாதிரி நிஜ ஒற்றரே ஆயிட்டீங்க மாமா,” என்று சொல்லிச் சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து மேடம் ஒரு செய்தி சொன்னார். அறிவியல் நூலில் படங்களும் எண்களும் மாறிக் கிடக்கின்றன, போனில் பேசித் தீராது. வியாழக்கிழமை கட்டோடு நானே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே நாளில் முடித்துவிடலாம். ஒற்றரிடமிருந்து பதில் வரும் முன்பே அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மச்சினனைப் போனில் பிடித்தார்கள். அவன் அசரவில்லை.

“கண்ணுவலின்னு சொல்லிடலாம் மாமா. தொத்திக்கும்னு வர மாட்டாங்க.”

“பிழை திருத்துறவனுக்குக் கண்ணுவலின்னா வேலையே போயிடும் மாப்ள.”

அப்படியானால் வெளியூரில் சாவு என்றான். யார் சாவு என்று கேட்டார் ஒற்றர். அவன் யோசித்து, தூரத்துச் சொந்தம் யாரையாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த மனைவி போனை வாங்கித் தம்பிக்கு நாளை பேசுகிறோம் என்று சொல்லி வைத்தார்.

“அந்தம்மா ரெண்டு பஸ் மாறி, அவ்வளவு பெரிய கட்டத் தூக்கிட்டு வந்து, பூட்டின கதவ பாக்கணுமா?” என்றார். “அவங்க முட்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்த வயசுல அந்தக் கட்டு தூக்கக் கூடாது.”

ஒற்றர் மீதித் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். ஆனால் அந்தக் காட்சி அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. வாசலில் மேடம் நிற்கிறார், கையில் கட்டு, மணியை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்.

மறுநாள் ஊரில் காலைப் பலகாரம் முடிந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டார். வீடியோ இல்லாமல் குரல் மட்டும். முன்னுரை எதுவும் வைக்கவில்லை. வைத்தால் நழுவிவிடுவோம் என்று அவருக்கே தெரியும். நான் ஊரில் இல்லை மேடம், பதினான்கு மாதமாக இல்லை என்று ஆரம்பித்தார். மனைவியின் வேலை, நாட்காட்டி, மச்சினனின் கட்டைவிரல், வடக்கத்திப் பிளம்பர் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஹலோ சொல்லிப் பார்த்தார்.

“இருக்கேன் சார்,” என்றார் மேடம். “நீங்க மழை வருதுன்னு சொன்னப்போ, உங்க பக்கம் வந்தா அடுத்து எங்க பக்கம்தான் வரும்னு ரெண்டு தடவ மாடில காயப்போட்ட துணிய அள்ளிட்டு வந்திருக்கேன்,” என்றார்.

ஒற்றருக்குத் தெரிந்த எந்தத் திருத்தக் குறியும் இதற்கு உதவாது. மன்னிச்சிருங்க மேடம் என்றார். மேடம் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. முதலாளியிடம் நான் மறைக்க மாட்டேன், நீங்களே இன்று சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முதலாளி நிறையப் பேசினார். இருபத்திரண்டு வருஷமாக உப்புப் போட்டுச் சாப்பிட்ட இடம் என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினார். பேசி முடித்து, மாதக் கடைசிக்குள் வந்து நில், இல்லாவிட்டால் எழுதிக் கொடுத்துவிடு என்றார். அதில் நியாயம் இல்லை என்று ஒற்றரால் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் யோசித்தார். மனைவி வற்புறுத்தவில்லை. திரும்பிப் போனாலும் தப்பில்லை, இன்னும் பத்து மாதம்தானே, நான் சமாளித்துக்கொள்வேன் என்றுகூடச் சொன்னார். அதைக் கேட்டதும்தான் ஒற்றருக்கு முடிவு செய்ய முடிந்தது. சாயங்காலம் மனைவி வேலை முடித்துப் பஸ்ஸிலிருந்து இறங்கி, டயர் கடையைத் தாண்டி, ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வருவார். அந்த ஒரு பார்வைக்காகத் தான் தினம் ஐந்து நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டு நிற்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. இருந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

விலகல் கடிதத்தை அன்றே எழுதி அனுப்பினார். நான்கு வரிதான். மறுநாள் மேடத்திடமிருந்து ஒரு படம் வந்தது. கடிதத்தை அச்செடுத்து, சிவப்பு மையில் ஒரே ஓர் இடத்தில் கூரைக் குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். ‘வேலையை துறக்கிறேன்’ என்று ஒற்றர் எழுதியிருந்தார். நடுவில் ‘த்’ விட்டுப்போயிருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஊரார் ஒற்றைத் துரத்தியவர் தன் கடைசித் தாளில் கோட்டை விட்டிருந்தார். அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்க் குழாயைத் திறந்து, வெகுநேரம் முகம் கழுவினார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கையில் வேலை இல்லை. முதல் வாரம் மதியம் ஒன்றரை ஆனால் கால் தானாகக் கணினிப் பக்கம் போகும். பிறகு பழகிவிட்டது. நாட்காட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். கைக்கடிகாரத்தைத் திருகி அந்த ஊர் நேரத்துக்கு மாற்றினார். சாவிக்கொத்து சொல்லி, நூலகத்தின் பின்னறையில் வாரம் மூன்று நாள் நடக்கும் பாஷை வகுப்பில் சேர்ந்தார். அங்கே ஒரு சமையற்காரர், வீடு மாற்றித் தரும் வண்டிக்காரர் இருவர், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு மாமியார் என்று பலதரப்பட்டவர்கள். எல்லோரும் தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டார்கள். ஒற்றருக்கு முதலில் காதெல்லாம் கூசிற்று. இரண்டாவது வாரம் அவரும் அதே ஜோதியில் கலந்தார். தப்பாகப் பேசினால் யாரும் ஓரத்தில் கோடு போடுவதில்லை என்பது ஒரு பெரிய சௌகரியமாகத் தெரிந்தது.

சொந்தக்காரர்கள் போன் செய்தால், என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பார்கள். இப்போதைக்குச் சமையல் என்பார் ஒற்றர். மேற்கொண்டு கேட்க அவர்களுக்கும் ஒன்றும் இருக்காது.

அந்த வருஷக் கடைசியில் மேடம் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மூன்றாம் வாரமே கூப்பிட்டார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, மூன்று சின்னப் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், எல்லாம் கணினியிலேயே, இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்றார்.

“மேடம், நான் இன்னும் இங்கதான் இருக்கேன்.”

“தெரியும் சார். எங்க இருந்தா என்ன, இருக்கிற ஊர் பேர சொல்லிட்டு வேலையப் பாருங்க,” என்றார் மேடம். பிறகு அங்கே விளையும் காய்கறி என்னென்ன, தண்ணீர் எப்படி என்றெல்லாம் விசாரித்தார். ஒற்றர் துண்டுத் தாள் எதுவும் பார்க்காமல் அரை மணி நேரம் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே வரும்போது, இந்த ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறோமே என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

மனைவியின் ஒப்பந்தத்தை மருத்துவமனை மேலும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்தது. அதே வாரம், இரண்டாவது மாடியில் இருந்த தையற்காரர் வேறு ஊருக்குக் குடிபோனார். துணி வெட்டும் பெரிய மேசையைக் கொண்டுபோக அவருக்கு வண்டியில் இடமில்லை. யாருக்காவது வேண்டுமா என்று பலகையில் ஒட்ட ஒரு தாள் எழுதினார். அந்தத் தாளையும் திருத்தியது ஒற்றர்தான். திருத்திய கையோடு, ஒட்டும் முன்பே, எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆறடி நீளம், காகிதக் கட்டு நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை மேலே ஏற்றினார்கள். லிஃப்ட்டுக்குள் நுழையாது. ஒரு முனையை ஒற்றரும் மறுமுனையைச் சாவிக்கொத்தும் பிடித்துக்கொள்ள, எப்படிக் குனிய வேண்டும், எந்த முட்டியை மடக்க வேண்டும் என்று மனைவி முன்னால் நின்று மருத்துவமனைக் குரலில் ஆணையிட்டுக்கொண்டே ஏறினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மேசை சிக்கிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சாவிக்கொத்து ஸ்பானர் எடுத்துவரக் கீழே போக, ஒற்றர் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டு மூன்றாம் மாடிக் கதவு ஒன்று திறந்தது. கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண்மணி எட்டிப் பார்த்தார். ஒற்றர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மேசை பெரியது, கால்களைக் கழற்றினால் போய்விடும், பத்து நிமிஷத்தில் வழி விட்டுவிடுவோம் என்று அந்த ஊர்ப் பாஷையில் சொன்னார். நிர்வாகம் வருந்தவில்லை, சாதாரணமாக, ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொல்வதுபோல் வந்துவிட்டது.

பெண்மணி மேசையைப் பார்த்தார், ஒற்றரைப் பார்த்தார். புதிதாகக் குடி வருகிறீர்களா என்று கேட்டார்.

கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக அந்தக் கதவைத் தாண்டித் தலைகுனிந்து ஏறி இறங்கியவர் ஒற்றர். அதைச் சொல்ல வாயெடுத்தார். மேலே படியில் நின்ற மனைவியை ஒரு தடவை பார்த்தார். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க, புதுசுதான்,” என்றார் ஒற்றர். “நாலாவது மாடி.”

அந்தம்மா உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து, மேசைக்கு மேலாக நீட்டினார். அதை ஒற்றர் குடித்து முடிக்கவும் சாவிக்கொத்து மூச்சிரைக்க வந்து சேரவும் சரியாக இருந்தது. நான்கு கால்களையும் கழற்றி, பலகையைச் சாய்த்து, ஒருவழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அறையில் பாதி போய்விட்டது. கட்டிலுக்குப் போக இனி நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும் என்றார் மனைவி. நடந்தும் காட்டினார்.

மறுநாள் மதியம் மேடம் அனுப்பிய இலக்கண நூல் ஒன்றின் முதல் நாற்பது பக்கத்தை அச்செடுத்து அந்த மேசையில் பரப்பினார் ஒற்றர். ஜன்னலைத் திறந்து வைத்தார். டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பக்கத்தில் முதல் பிழை கிடைத்தது.